வீட்டுக் கந்தோரும் நாற்பத்திரண்டு கேள்விகளும்

1

போன திங்கட்கிழமை காலை எனக்கொரு வாழ்த்து மின்னஞ்சல் வந்தது. "வாழ்த்துகள்! உங்கள் வீட்டுப் பணியிடம் இன்னுமொரு வருடத்தைப் பாதுகாப்பாக நிறைவு செய்திருக்கிறது. கீழேயுள்ள இணைப்பை அழுத்தி, வருடாந்த மறுமதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பவும்."

அனுப்பியது நான் வேலை செய்த காப்புறுதிக் கம்பனியின் கணினி. கம்பனி என்னை வீட்டுக்கு அனுப்பி எட்டு மாதமாகிவிட்டது என்ற செய்தி அந்தக் கணினிக்கு இன்னும் எட்டவில்லை. வீட்டுக்கு அனுப்பியது என்று சொல்வதும் பிழைதான். நான் ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தேன். வீட்டில் இருப்பவனை வீட்டுக்கு அனுப்புவது எப்படி என்பதை இந்த நாட்டுக்காரர்களிடம்தான் படிக்க வேண்டும்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருது. இங்கிலாந்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம். இருப்பது லெஸ்டர் நகரத்தின் ஓரத்தில். ஊருக்குப் போனால் எல்லோரும் "லண்டனில் எப்படி?" என்றுதான் கேட்பார்கள். நானும் "லண்டன் நல்லம்" என்றுதான் சொல்வேன். லண்டனுக்கு நான் போனது மொத்தமாகப் பத்துத் தடவை இருக்காது. அதிலும் பாதி விசா அலுவல்.

செய்த வேலை, வாசிப்பது. பயணத்தில் பெட்டியைத் தொலைத்தவர்கள் நட்டஈடு கேட்டு எழுதுவார்கள். அதை வாசித்து, பெட்டி உண்மையிலேயே தொலைந்ததா, அல்லது தொலைந்திருக்கலாம் என்று அவர் ஆசைப்படுகிறாரா என்று கண்டுபிடிக்க வேண்டும். பதினொரு வருடம் இதைச் செய்தேன். வெள்ளைக்காரர் விடுமுறைக்கு எத்தனை சோடி செருப்பு கொண்டுபோவார் என்று என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன்.

2

கொரோனா வந்தபோது எல்லோரையும் போல எங்களையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். அலுவலகத்தை எங்கள் ஊரில் கந்தோர் என்போம். என் முதலாவது வீட்டுக் கந்தோர், உடுப்பு அயன் பண்ணுகிற பலகை. சிரிக்க வேண்டாம். உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வேலை முடிந்ததும் மடித்துச் சுவரில் சாத்தலாம். இதே வசதியுள்ள மேசைக்கு இப்போது ஒரு பெரிய பெயர் வைத்து விற்கிறார்கள். ஒரேயொரு குறை, என் மனைவி பர்ஹானா அயன் பண்ணி முடிக்கும்வரை எனக்கு வேலை தொடங்க ஏலாது.

நோய் போனது. கந்தோர் திரும்பி வரவில்லை. கட்டடத்தை விற்றுவிட்டு, "விரும்பிய இடத்திலிருந்து வேலை செய்யும் சுதந்திரத்தை உங்களுக்கு வழங்குகிறோம்" என்று கம்பனி அறிவித்தது. சுதந்திரத்தோடு சேர்த்து அதன் மின்சாரப் பில்லையும் வழங்கினார்கள். கூடவே ஒரு படிவமும் வந்தது. நாற்பத்திரண்டு கேள்விகள். வீட்டுப் பணியிடம் உடம்புக்கு உகந்ததா என்று நாங்களே எங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

"உங்கள் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படுகின்றனவா?" இல்லை. கம்பனி அனுப்பிய கதிரை ஆறடி மனிதருக்குச் செய்தது. நானோ ஐந்தடி மூன்று அங்குலம். இல்லை என்று அழுத்தியதும் இன்னொரு பெட்டி திறந்து, "இந்தப் பிரச்சினை எப்போது தொடங்கியது?" என்று கேட்டது. "பிறந்ததிலிருந்து" என்று எழுதினேன்.

எங்கள் மேலாளர் ஜூலி தொலைபேசியில் வந்தார். நல்ல பெண்மணி. கெட்ட செய்தி எதையும் கெட்ட செய்தி போலச் சொல்லத் தெரியாதவர்.

"கணினிக்குப் பகிடி விளங்காது, சரியா?" என்றார்.

"நான் பகிடி விடவில்லை" என்றேன்.

இன்னொரு கேள்வி: "திரைக்கும் உங்கள் கண்ணுக்கும் இடையே ஒரு கை நீளம் இருக்கிறதா?" யாருடைய கை என்று கேட்டு எழுதினேன். மூன்று நாள் கழித்து, சுகாதாரம் மற்றும் பாதுகாப்புப் பிரிவிலிருந்து, இரண்டு பேருக்குப் பிரதியிட்டுப் பதில் வந்தது. "ஊழியரின் சொந்தக் கை."

3

எங்கள் வீட்டில் மூன்று அறை என்று விற்றவர் சொன்னார். மூன்றாவதை அறை என்பது அவருடைய நல்ல மனசு. ஒரு கட்டில் போட்டால் ஆள் நிற்க இடமில்லை. அதற்குள்ளேதான் பயணப் பெட்டிகள், அரிசி மூட்டை, உடுப்புக் காயவைக்கும் கம்பி எல்லாம் கிடந்தன. அதைக் கந்தோராக்கப் போகிறேன் என்றதும் பர்ஹானா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இந்தச் சாமானெல்லாம் எங்க வெக்கிற மச்சான்? உங்கட தலையிலயா?"

அரிசி மூட்டை மாடிப்படிக்குக் கீழே போனது. பெட்டிகள் அலுமாரிக்கு மேலே ஏறின. நான் மேசையை யன்னலுக்கு நேரே போட்டேன். பக்கத்து வீட்டுச் செங்கல் சுவரைத்தான் பார்க்கலாம் என்றாலும் வெளிச்சம் வருமே என்று. வெளிச்சம் ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் வந்தது. அந்த நாற்பது நிமிடமும் நேரே கண்ணுக்குள் வந்தது. அடுத்த சனிக்கிழமை மேசையைத் திருப்பி, யன்னல் முதுகுக்குப் பின்னால் வரும்படி போட்டேன். இப்போது வெளிச்சம் திரையில் விழுந்து, என் முகமே எனக்குத் தெரிந்தது. நாள் முழுக்கப் பார்க்கக்கூடிய முகமல்ல. மூன்றாவது சனிக்கிழமைதான், யன்னல் பக்கவாட்டில் இருக்க வேண்டும், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் நிற்க வேண்டும், பாதத்துக்குக் கீழே பலகை வேண்டும், முக்கால் மணிக்கொருமுறை எழும்பி நடக்க வேண்டும் என்ற ஞானமெல்லாம் வந்தது. எல்லாம் படிவத்திலேயே இருந்தது. படிவத்தை யார் வாசிக்கிறார்கள், நிரப்பத்தானே செய்கிறோம்.

என் மகள் ஸைனப்புக்கு அப்போது பதினான்கு வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். "வாப்பா கந்தோருக்குள்ள இரிக்காரு, சத்தம் போடாத" என்று பர்ஹானா சொல்லும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். காரணம் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தென்னமெரிக்காவில் கொண்டோர் என்று ஒரு பிணந்தின்னிக் கழுகு இருக்கிறதாம். வாப்பா கழுகுக்குள் இருக்கிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். கந்தோர் என்பது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்று விளங்கப்படுத்தினேன். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. யோசித்துப் பார்த்தால் என் வீட்டுக் கந்தோரில் தமிழுக்குச் சொந்தமானது முதுகுவலி ஒன்றுதான்.

வீட்டிலேயே இருந்தால் பிள்ளையோடு நேரம் செலவழிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அறைக் கதவில் "மீட்டிங். தட்ட வேண்டாம்" என்று ஒரு கடதாசி ஒட்டினேன். ஏழே நாளில், ஒரு கிழமைக்குள், அவளுடைய கதவிலும் ஒன்று வந்தது. "எப்போதும் மீட்டிங்." பிறகு நாங்கள் இருவரும் ஒரு சுவருக்கு இரு பக்கமும் இருந்து வாட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டோம். அவள் அனுப்பியதெல்லாம் பெருவிரலை உயர்த்திக் காட்டும் படம்.

வீட்டில் கந்தோர் நடத்துவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. என் வாப்பா வட்டவிதானையாக இருந்தவர். வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுத் திறந்துவிடும் பொறுப்பு. விடியற்காலைச் சுபஹ் தொழுகை முடியமுன்னமே முற்றத்தில் பத்துப் பேர் நிற்பார்கள். என் வரம்பை வெட்டிப்போட்டான், இவனுக்கு மட்டும் ரெண்டு நாள் தண்ணி விட்ட என்று ஒரே சத்தம். அதை நான் இனிமையாக நினைத்துக்கொள்வதாக யாரும் எண்ண வேண்டாம். உம்மாவுக்குத் தன் வீட்டு முற்றத்தில் கால்வைக்க வழியில்லை. வாப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதில் முதுகு வளைந்துவிட்டது. அவரிடம் அந்த நாற்பத்திரண்டு கேள்விகளையும் கேட்டிருந்தால் முதலாவதிலேயே தோற்றிருப்பார். பாதம் தரையில் பட்டது உண்மைதான். தரைதான் சேறு.

4

என்னுடைய படிவம் மூன்றாம் தரம் அனுப்பியபோது தேறியது. தேறியது மட்டுமல்ல, நான் அனுப்பிய படங்களைப் பார்த்து சுகாதாரப் பிரிவு சொக்கிப்போனது. "வீட்டுப் பணியிட முன்னோடி" என்று எனக்கொரு பட்டம் தந்தார்கள். சம்பளம் கூடவில்லை. பெயருக்குக் கீழே ஒரு வரி கூடியது. அன்றிலிருந்து மற்ற ஊழியர்களின் வீட்டு மேசை கதிரைகளைக் காணொளியில் பார்த்து மதிப்பிடுவதும் என் பொறுப்பானது.

இன்னொரு பட்டமும் எனக்குக் கிடைத்தது. அது நாக்குத் தவறியதால் வந்தது.

இந்த நாட்டில் இருபத்திரண்டு வருடம் 'யெஸ்' சொல்லிப் பழகினாலும், நெருக்கடி வந்தால் என் வாயில் வருவது "ஓம்"தான். கூட்டங்களில் ஜூலி மூச்சுவிடாமல் கதைக்கும்போது நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே "ஓம்... ஓம்..." என்று சொல்லியிருக்கிறேன் போல. இவர் தியானம் செய்கிறார் என்று எல்லோரும் முடிவெடுத்துவிட்டார்கள். ஒருநாள் ஜூலி மிகவும் மரியாதையாக, "ஊழியர் நலன் கிழமையில் நீங்கள் எங்களுக்கு ஒரு தியான வகுப்பு எடுக்க முடியுமா?" என்று கேட்டார். ஐந்து நேரத் தொழுகையையே ஓடியாடித் தொழுகிறவன் நான். அது எங்கள் ஊரில் ஆம் என்பதற்குச் சொல்வது என்று விளங்கப்படுத்தினேன்.

"எவ்வளவு அழகு!" என்றார். "அப்படியென்றால் நீங்கள் சம்மதம் சொல்வதே ஒரு தியானம்."

வகுப்பு எடுத்தேன். வேறென்ன செய்வது. பதினைந்து பேர் கண்ணை மூடிக்கொண்டு என்னோடு சேர்ந்து ஆம், ஆம் என்று சொன்னார்கள். கம்பனிக்கு அதுதானே தேவை.

5

அடுத்த வருடம் ஒரு காலைக் கூட்டத்தில் ஜூலி வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார். நான் பேனையை எடுத்துக்கொண்டேன்.

"எங்கள் வேலையின் ஒரு பகுதியைக் கொழும்பிலுள்ள ஒரு கம்பனியோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம். உடனடியாக யாருடைய வேலைக்கும் ஆபத்தில்லை."

அதில் 'உடனடியாக' என்ற சொல்லை மட்டும் நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

பெட்டி தொலைந்த கதைகளை வாசிக்க இங்கே நாங்கள் நான்கு பேர். அங்கே எட்டுப் பேர், வீட்டிலிருந்தே வேலை செய்வார்கள். எட்டுப் பேரையும் பயிற்றுவிப்பது நான். அவர்களுடைய வீட்டுப் பணியிடத்தை மதிப்பிடுவதும் நான், முன்னோடியல்லவா. எட்டும் தேறினால் அங்கே வேலை தொடங்கும், இங்கே நால்வரும் போகலாம். மூன்று கிழமைக்குள் யாராவது தேறாவிட்டால், அவரை நிறுத்திவிட்டு வேறொருவரை எடுத்துப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்குவார்கள். அதுவரை எங்களுக்குச் சம்பளம் ஓடும். என் கழுத்துக்கான கயிற்றை நானே அளந்து வாங்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் இவ்வளவு நாகரிகமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

முதலாம் நாள் பயிற்சி. இங்கே காலை ஒன்பது, அங்கே பகல் ஒன்றரை. திரையில் எட்டு முகங்கள், எட்டும் நல்ல ஆங்கிலம். இடையில் ஜூலி புகுந்து ஏதோ கேட்க, நான் வழக்கம்போல "ஓம்" என்றுவிட்டேன். ஏழு முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. எட்டாவது முகம் கீழே குனிந்தது. அடுத்த கணம் எனக்கு மட்டும் ஒரு தனிச்செய்தி வந்தது.

"காக்கா, நீங்க எந்த ஊர்?"

காக்கா என்று மூத்த சகோதரனைக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்கள்தான். "சாய்ந்தமருது" என்று அடித்தேன்.

"அல்லாஹ்! நான் நிந்தவூர்."

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவில் காரைதீவு மட்டும்தான். பஸ்ஸில் போனால் பத்து நிமிடம். இத்தனை விசாக்களும் இத்தனை குளிரும் தாண்டிவந்து நான் பிடித்த வேலை, நான் புறப்பட்ட இடத்திலிருந்து பத்து நிமிடத் தூரத்துக்குத் திரும்பிப் போகிறது. என்னை விட்டுவிட்டு.

அவள் பெயர் ஹஸ்னா. ஒலுவில் கேம்பஸில் முகாமைத்துவம், அதாவது மேனேஜ்மென்ட், படித்தவள். அரசாங்க நியமனம் வரும் வரும் என்று நான்கு வருடம் வீட்டில் காத்திருந்திருக்கிறாள். இதற்கிடையில் அவளுடைய வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அவரை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போக ஏலாது. வீட்டிலிருந்து செய்கிற வேலை என்றபடியால்தான் விண்ணப்பித்தாள். அவளுடைய முதல் வேலை இது. எட்டுப் பேரில் கெட்டிக்காரியும் அவள்தான். ஒருவர் ஏழு சோடி சப்பாத்தும் ஒரேயொரு காலுறையும் தொலைத்ததாக எழுதிய கடிதத்தை மற்றவர்கள் அனுதாபத்தோடு வாசித்தபோது, "இவர் பெட்டி கட்டவேயில்ல காக்கா" என்று எனக்குத் தனியாக எழுதினாள். எனக்கு அந்த இடத்துக்கு வர நான்கு வருடம் எடுத்தது.

மற்ற ஏழு பேரும் கொழும்பிலும் அதற்கு அண்மையிலும் இருந்தவர்கள். நல்ல மேசை, நல்ல கதிரை. ஒரே கிழமையில் தேறிவிட்டார்கள். கடைசி ஹஸ்னா.

6

அவள் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு தன் மேசையைச் சுற்றிக் காட்டினாள். அது அவளுடைய உம்மாவின் தையல் மேசை. மடிகணினி இரண்டு பிஸ்கட் டின்னுக்கு மேலே, சரியாகக் கண்மட்டத்தில். யன்னல் பக்கவாட்டில், கண்கூசாமல் இருக்க உடுத்துப் பழசான ஒரு சாரனைத் தொங்கவிட்டிருந்தாள். காலுக்குக் கீழே சாக்குச் சுற்றிய சீமெந்துக் கல். ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைக்கு மேலே இன்னொரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை.

"ஏன் ரெண்டு?"

"ஒண்டெண்டா முதுகு நெளியும் காக்கா. ரெண்டு வெச்சா நெளியாது. உயரமும் சரியாக் காணும்."

நான் மூன்று சனிக்கிழமை மேசையை இழுத்துப் படித்ததை இந்தப் பெண் யாரிடமும் கேட்காமல் செய்து வைத்திருந்தாள்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆரு புள்ள அது? சாய்ந்தமருது எண்டியே, அவரா?" ஹஸ்னாவின் உம்மா. முகம் முழுக்கத் திரைக்குள் வந்துவிட்டது. "நீங்க சாய்ந்தமருதுல ஆர்ர மகன்?"

"உம்மா, இது ரெக்கோட் ஆகுது!"

"ஆகட்டும். ஆர்ர மகன் எண்டு கேக்கக் கூடாதா?"

சொன்னேன். வாப்பாவின் பெயரைக் கேட்டதும் அவர், "ஓ, வட்டவிதானையா? எங்கட வாப்பாட வயலுக்குத் தண்ணி விடாத மனிசன்" என்றார். சுகாதாரப் பிரிவின் பதிவேட்டில் அது இன்னமும் இருக்கும்.

இனிப் படிவம். கதிரைக்குக் கீழே உருள ஐந்து சில்லு உண்டா? இல்லை. உயரத்தை மாற்றலாமா? இல்லை. மின்வயர் தரைக்குக் குறுக்கே போகிறதா? போகிறது. வெளியிலிருந்து சத்தம் வருகிறதா? மீன்காரர் ஹோன் அடித்துக்கொண்டு போனார், பக்கத்தில் தச்சுப் பட்டறை. மூன்று குறை வந்தாலே பணியிடம் தகுதியற்றது.

எந்த மதிப்பீட்டையும் அன்றைக்கே அனுப்பிவிடுகிறவன் இதை மட்டும் இரண்டு நாள் வைத்திருந்தேன். கம்பனியில் யாரும் சில்லுகளை எண்ணப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இதே கம்பனி ஊழியர்கள் இரண்டு பேரைக் குசினியில், அதாவது சமையலறையில், கிடந்த கதிரையோடேயே தேறவைத்தவன் நான்தான். ஆனால் அவள் தேறினால் அடுத்த மாதம் என் கதை முடிந்தது. தேறாவிட்டால் இன்னும் மூன்று மாதமாவது தாங்கும். இரண்டாம் நாள் மாலை "தகுதியற்றது" என்று அழுத்தினேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய் சொல்லாத படிவம் ஒன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வசதியான வீட்டுக் கந்தோர் என்று இதைத்தான் சொல்கிறார்களாக்கும்.

"உங்கள் கண்டிப்பைப் பாராட்டுகிறேன்" என்று ஜூலி எழுதினார்.

சாப்பாட்டு மேசையில் பர்ஹானாவிடம் சொன்னேன். இலேசாகச் சொல்லப் பார்த்தேன், கதிரைக் கதையைப் பகிடி போல. அவள் சிரிக்கவில்லை.

"கதிரைக்கு நாலு கால் எண்டு அந்தப் புள்ளையப் பெயிலாக்கின?"

"படிவத்தில அப்படித்தான் இரிக்கி."

"அயன் பலகையில லெப்டொப்ப வெச்சிக் கூனிக்கிட்டு இரிந்த ஆள் ஆரு? அப்ப ஆரும் வந்து சில்லு எண்ணினயா?" சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். "உங்களுக்கு வேலை போகும் எண்டு பயம். அதச் சொல்லுங்க. நானும் பயந்துதான் இரிக்கன். ஆனா சில்லுல போய்ப் பழியப் போடாதீங்க மச்சான்."

ஸைனப் கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பெரியவர்கள் பேச்சு விளங்குமளவுக்கு அவளுக்குத் தமிழ் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விளங்கியிருந்தது.

அடுத்த நாள் ஹஸ்னாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. முறைப்பாடு இல்லை, அழுகை இல்லை. "காக்கா, என்னென்னத்த மாத்தணும் எண்டு சொல்லுங்க. மறுகா ஒருக்காப் பாப்பம்." பட்டியல் அனுப்பினேன். மூன்றாம் நாள் அவளே நேரம் குறித்துக் கூப்பிட்டாள்.

வயர் சுவரோடு ஒட்டிப் போயிருந்தது. மீன்காரரிடம் கதைத்து, பகலில் அந்த ஒழுங்கைக்குள் ஹோன் அடிப்பதில்லை என்று வாக்கு வாங்கியிருந்தாள். பட்டறைக்காரர் யன்னலுக்கு ஒரு பலகைக் கதவு போட்டுக் கொடுத்திருந்தார். போட்டோக்கொப்பிக் கடையிலிருந்து இரவல் வாங்கி ஓட்டோவில் ஏற்றிவந்த சில்லுக் கதிரையில் அவள் நிமிர்ந்து இருந்தாள்.

"எத்தனை சில்லு?"

"அஞ்சு காக்கா. எண்ணிப் பாருங்க."

"முதுகுப் பக்கம் சாயுமா?"

"சாயும்."

அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய தோள் மேசைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. நான் அடுத்த கேள்வியை வாசித்து முடிக்க, முகம் இறங்கி நாடி மேசை விளிம்பைத் தொட்டது. அந்தக் கதிரையின் உயர்த்தி பழுது. ஆள் ஏறி இருந்தால், மெல்ல மெல்ல இறங்கும். கண்ணும் முக்காடும் மட்டும் தெரிந்தபோது அவள் ஒன்றும் நடக்காதது போல எழும்பி, பிடியை இழுத்து உயர்த்தி, மறுபடி மேலேயிருந்து தொடங்கினாள்.

பின்னால் உம்மா கேட்டார், "என்ன புள்ள, கிணத்துக்குள்ள வாளி போற மாதிரிப் போறா?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு படிவத்தைப் பார்த்தேன். "கதிரையின் உயரம் மாறுமா?"

"மாறும் காக்கா" என்றாள், இறங்கிக்கொண்டே. அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மாறும். தானாகவே" என்று எழுதினேன். தகுதியானது என்று அன்றைக்கே அழுத்தினேன். அழுத்திவிட்டு, "நாளையிலிருந்து அந்த ரெண்டு சிவப்புக் கதிரையிலேயே இரிங்க, முதுகுக்கு அதுதான் நல்லம்" என்று சொன்னேன். இது ஒரு முன்னோடியின் அதிகாரபூர்வமான ஆலோசனை.

7

அடுத்த மாதம் எங்கள் நால்வரையும் காணொளியில் கூப்பிட்டு விடைகொடுத்தார்கள். ஜூலியின் கண் கலங்கியது. பொய்யாக அல்ல. அவருடைய வேலையும் அடுத்த வருடம் எங்கோ போகப் போகிறது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கலாம். "இது முடிவல்ல, ஒரு புதிய தொடக்கம்" என்றார். நான் "ஓம்" என்றேன். இந்த முறை தெரிந்தே சொன்னேன்.

இப்போது எனக்கு வேலை ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில். பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருகிறேன். எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று வழி சொல்கிறேன். மூன்றாவது அறையை ஸைனப் எடுத்துக்கொண்டாள். கதவில் கடதாசி ஒன்றும் இல்லை. எப்போதாவது எட்டிப்பார்த்தால், "என்ன வாப்பா?" என்று கேட்கிறாள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஆங்கிலம்தான். அந்த இரண்டு சொல்லையும் நான் எண்ணி வைத்துக்கொள்கிறேன்.

கம்பனியில் என் கடைசி வேலைநாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த திங்கள், பழக்கத்தில் எட்டரைக்கே எழும்பிப்போய் அந்த மேசைக்கு முன்னால் இருந்துவிட்டேன். கணினியைக் கம்பனி எடுத்துக்கொண்டு போய்விட்டது. செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஹஸ்னா.

"காக்கா, உங்கட இடத்துல நான் வந்து இரிக்கிற எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி இரிக்கி. அதச் சொல்லத்தான் கோல் எடுத்த."

நான் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் சொல்லிவிட்டது.

"ஹஸ்னா, முதல் தரம் உங்களப் பெயிலாக்கினது கதிரைக்காக இல்ல. நீங்க தேறினா எனக்கு வேலை போகும் எண்டுதான்."

 அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது. 

"தெரியும் காக்கா" என்றாள்.

"எப்படி?"

"மத்த ஏழு பேருக்கும் அண்டைக்கே ரிசல்ட் வந்த. எனக்கு ரெண்டு நாள் வரல்ல. அப்பவே உம்மாட்டச் சொன்னன், அந்த மனிசன் கிடந்து யோசிக்கார் எண்டு."

"கோவம் வரல்லயா?"

"வந்த. வராம இரிக்குமா? ஆனா நான் உங்கட இடத்துல இரிந்தா அதத்தான் செஞ்சிருப்பன்." கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது. "ஒண்டு காக்கா. நானெண்டா ரெண்டு நாள் யோசிச்சிருக்க மாட்டன். அண்டைக்கே பெயில் போட்டிருப்பன்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு மணியைப் பார்த்திருக்க வேண்டும்.

"சரி காக்கா, வெக்கிறன். டியூட்டி தொடங்கிட்டு."